டிக்கெட் கைக்கு வந்ததா? வேலூர், காட்பாடிப் பயணிகளுக்கு மின்னணு டிக்கெட் வழிகாட்டி

போன சித்திரையில் என் அத்தையும் நானும் வேலூர் புதிய பேருந்து நிலையத்தில் கண்ணமங்கலம் வழியாகப் போகும் ஒரு பஸ்ஸில் ஏறினோம். மகன் வாங்கிக் கொடுத்த கைபேசியில் முதல் தடவையாகத் தன் கையாலேயே டிக்கெட்டுக்குப் பணம் கட்ட வேண்டும் என்று அத்தைக்கு ஆசை. கண்டக்டர் டிக்கெட் மெஷினை நீட்டினார். அதன் சின்னத் திரையில் கறுப்பு வெள்ளை க்யூஆர் கட்டம் தெரிந்தது. அத்தை ஸ்கேன் செய்தார், ரகசிய எண்ணை ஒவ்வொன்றாக அழுத்தினார், கைபேசி மணி அடித்தது, பச்சை நிறத்தில் சரிக்குறி வந்தது. மெஷினில் இருந்து மட்டும் காகிதம் வரவில்லை. கண்டக்டர் இரண்டு முறை பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு அடுத்த இருக்கைக்கு நகர்ந்தார். வண்டி கணியம்பாடியைத் தாண்டும்போது அத்தை என் கையைப் பிடித்துக் கேட்டார்: “பணம் போய்விட்டதே தம்பி, டிக்கெட் எங்கே?”

மின்னணு டிக்கெட்டுக்குப் புதிதாக வருகிற எல்லோரும் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான். பணம் போவது ஒரு வேலை, டிக்கெட் வருவது வேறு வேலை. முதல் வேலை முடிந்ததும் இரண்டாவதும் முடிந்துவிட்டது என்று நினைப்பதால்தான் பாதித் தொல்லை வருகிறது.

அந்த மெஷினில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பயம் போய்விடும். திரையில் தோன்றும் கட்டம் கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் கட்டத்தைப் போன்றது அல்ல. உங்கள் ஒரு டிக்கெட்டுக்காக, அந்தத் தொகையோடும் ஒரு தனி எண்ணோடும் அப்போதே உருவாவது. நீங்கள் ஸ்கேன் செய்ததும் உங்கள் வங்கி பணத்தைக் கழிக்கிறது. அந்தச் செய்தி பணம் வாங்கும் நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது. அங்கிருந்து, மெஷினுக்குள் இருக்கும் சிம் கார்டு வழியாக மெஷினுக்கு வருகிறது. அதன் பிறகுதான் காகிதம் அச்சாகும். உங்கள் கைபேசியில் தெரியும் பச்சைக் குறி முதல் படிக்கு மட்டுமே சாட்சி. மலையடிவாரத்தில் மெஷினின் சிம்முக்குச் சிக்னல் இல்லையென்றால் கடைசிப் படி அறுந்துவிடும். இதில் கண்டக்டர் மீது கோபப்பட ஒன்றும் இல்லை.

அப்போது செய்ய வேண்டியது இது. மறுபடி ஸ்கேன் செய்யாதீர்கள். பணம் கட்டிய விவரத்தைத் திறந்தால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண் இருக்கும்; அதைக் கண்டக்டரிடம் காட்டுங்கள். இரண்டு நிமிடம் பொறுத்தால் பெரும்பாலும் டிக்கெட் வந்துவிடும். வரவில்லையென்றால் ரொக்கம் கொடுத்து டிக்கெட் வாங்கிவிடுங்கள். டிக்கெட் இல்லாமல் உட்கார்ந்திருக்காதீர்கள். வழியில் செக்கிங் வந்தால் பச்சைக் குறியை வைத்து வாதாட முடியாது. பணம் வாங்குபவர் பக்கம் உறுதியாகாத யூபிஐ பணம் ஐந்து நாளுக்குள் தானாகக் கணக்குக்குத் திரும்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2019இல் வகுத்த விதி. அதற்குமேல் தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. அத்தையின் பணம் மூன்றாம் நாள் திரும்பி வந்தது.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன்

பேருந்து நிலையத்தின் கூட்டத்தில் நின்றுகொண்டு செயலி இறக்காதீர்கள். முந்தின நாள் மாலை வீட்டில் உட்கார்ந்து நிதானமாகச் செய்யுங்கள். கைபேசியின் அதிகாரபூர்வச் செயலிக் கடையில் இருந்து மட்டுமே இறக்குங்கள். வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பும் இணைப்பைத் தொடவே தொடாதீர்கள். ரயிலுக்கு ‘ரயில்ஒன்’ என்ற செயலி. 2025 ஜூலை 1 அன்று ரயில்வே இதை வெளியிட்டது. முன்பதிவு டிக்கெட், முன்பதிவில்லா டிக்கெட், பிளாட்பாரம் டிக்கெட் மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும். நீண்டதூர அரசு பஸ்ஸுக்கு டிஎன்எஸ்டிசி செயலி அல்லது அதன் இணையதளம். பெயரையும் வயதையும் ஆதாரில் இருப்பதுபோலவே பதியுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயரைப் போட்டுவிட்டுப் பிறகு டி.டி.ஆர். முன்னால் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சின்னத் தொகைகளுக்கு யூபிஐ லைட் மிக நல்லது. 5,000 ரூபாய் வரை அதில் போட்டு வைக்கலாம், ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை ரகசிய எண் இல்லாமலே கட்டலாம். ஓடும் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ரகசிய எண் அழுத்தும் சிரமம் இல்லை. பக்கத்தில் நிற்பவர் எட்டிப் பார்ப்பாரோ என்ற கவலையும் இல்லை. அத்தைக்கு இதை அமைத்துக் கொடுத்த பிறகுதான் அவருக்குத் தெம்பு வந்தது.

இவ்வளவு செய்தாலும் சட்டைப் பையிலோ சுருக்குப் பையிலோ நூறு ரூபாய்க்குச் சில்லறை இருக்கட்டும். வேலூர், குடியாத்தம், ஆற்காடு, திருப்பத்தூர் பக்கம் அரசு பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் கலந்து ஓடுகின்றன. எல்லா வண்டியிலும் கைபேசியில் பணம் வாங்குவார்கள் என்று நம்பி ஏற முடியாது. ஏறும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பஸ்ஸில்

டிக்கெட் கைக்கு வந்ததும் படியுங்கள். ஏறிய ஸ்டேஜ், இறங்கும் ஸ்டேஜ், எத்தனை பேர், எவ்வளவு கட்டணம், இந்த நான்கும் சரியா என்று பாருங்கள். மூன்று பேருக்குப் பணம் கொடுத்து இரண்டு பேருக்கு அச்சாகியிருந்தால் அந்த இடத்திலேயே சொன்னால்தான் திருத்த முடியும். பழைய காலத்தில் கண்டக்டர் கட்டணத்துக்கு ஒரு நிறம் என்று கட்டுகட்டாக வைத்திருந்தார். நிறத்தைப் பார்த்தே இது எத்தனை ரூபாய் டிக்கெட் என்று சொல்லிவிடலாம். இப்போது எல்லாம் ஒரே வெள்ளைக் காகிதம், படித்துத்தான் ஆக வேண்டும்.

சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதம் முதல் கட்டணம் இல்லை. அதற்கும் கண்டக்டர் ஒரு டிக்கெட் கொடுப்பார். ‘இலவசம்தானே, எதற்கு’ என்று வாங்காமல் விடாதீர்கள். எந்தத் தடத்தில் எத்தனை பெண்கள் போகிறார்கள் என்ற கணக்கு அந்தச் சீட்டில் இருந்துதான் அரசுக்குப் போகிறது. அந்தக் கணக்கு குறைந்தால் உங்கள் ஊர்த் தடத்தில் ஆளே இல்லை என்று ஆகிவிடும்.

அந்தக் காகிதத்தைப் பற்றி ஒரு விஷயம். மெஷினுக்குள் மை கிடையாது. காகிதத்தின் மேல் ஒரு ரசாயனப் பூச்சு இருக்கிறது. சூடு பட்ட இடம் கறுக்கிறது, அதுதான் எழுத்தாகத் தெரிகிறது. வேலூர்க் கத்திரி வெயிலில் வண்டியின் முன்கண்ணாடி ஓரம் வைத்தால் சீட்டு முழுக்கவே கறுத்துப்போகும். வியர்வையில் நனைந்த சட்டைப் பையில் வைத்தால் எழுத்து வெளுத்துவிடும். ஒரு முறை அலுவலகத்தில் பயணப்படிக்காக நான் சேர்த்து வைத்திருந்த எட்டுச் சீட்டுகளில் ஐந்து வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டன. அன்று முதல் பணம் திரும்ப வாங்க வேண்டிய பயணமென்றால் டிக்கெட் கைக்கு வந்ததுமே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

நீண்டதூர பஸ்ஸில் இடம் பதிவு செய்யும்போது இரண்டு விவரங்களைக் கவனியுங்கள். ஒன்று ஏறும் இடம். சென்னைக்கும் பெங்களூருவுக்கும் நடுவில் நெடுஞ்சாலையில் விரையும் வண்டிகளில் சில ஊருக்குள் நுழையாமல் சாலை ஓரத்திலேயே ஆள் ஏற்றும். நீங்கள் பேருந்து நிலையத்துக்குள் பெட்டியோடு உட்கார்ந்திருப்பீர்கள், வண்டி வெளியே போய்விடும். இன்னொன்று தேதி. இரவு 12 மணிக்கு மேல் புறப்படும் வண்டி என்றால் நாட்காட்டியில் அடுத்த நாள். ‘வெள்ளிக்கிழமை ராத்திரி’ என்று நாம் பேசுவது கணினிக்குச் சனிக்கிழமை. பஸ்ஸில் ஏற, குறுஞ்செய்தியாக வந்த டிக்கெட்டும் அசல் அடையாள அட்டையும் போதும்.

ரயிலில்: முதலில் எந்த நிலையம்?

வேலூருக்குப் புதிதாக வருபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருபவர்களும் வி.ஐ.டி.யில் சேர வரும் பிள்ளைகளும் செயலியில் ‘வேலூர்’ என்று தட்டுகிறார்கள். வேலூர் கன்டோன்மென்ட் வருகிறது. அது விழுப்புரம்–திருவண்ணாமலை–காட்பாடிப் பாதையில் இருக்கும் நிலையம். அங்கே நிற்கும் ரயில்கள் குறைவு. ‘வேலூருக்கு ரயிலே இல்லை’ என்று முடிவு செய்து, வேறு ஊரில் இறங்கி வாடகைக் காருக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்தவர்கள் உண்டு. சென்னை, பெங்களூரு, கோவை, கேரளம், வடமாநிலங்கள் என எந்தப் பக்கம் போவதானாலும் நீங்கள் தேட வேண்டிய பெயர் காட்பாடி சந்திப்பு. ஊருக்குள் இருந்து பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி வடக்கே போக வேண்டும். டவுன் பஸ் அடிக்கடி உண்டு.

அதற்காகக் கன்டோன்மென்டை மறந்துவிடவும் வேண்டாம். திருவண்ணாமலைக்குப் போகிறவர்களுக்கு அதுதான் நிலையம். சென்னைக் கடற்கரையில் இருந்து கன்டோன்மென்ட் வரை ஓடிய மெமு ரயில் 2024 மே முதல் திருவண்ணாமலை வரை போகிறது. கிரிவலத்துக்குப் போகும் குடும்பங்களுக்கு இது பெரிய வரம்.

ஓப்பன் டிக்கெட்

முன்பதிவில்லா டிக்கெட்டைக் கைபேசியில் எடுப்பதில்தான் மிச்சமாகும் நேரம் அதிகம். காலையில் காட்பாடிக் கவுண்டரில் வரிசை வாசல் வரை நீளும்போது நீங்கள் நேராகப் பிளாட்பாரத்துக்குப் போகலாம். ஆனால் ஒரு நிபந்தனை. நிலையத்துக்குள் வந்த பிறகு செயலி வழக்கமான முறையில் டிக்கெட் தராது. கைபேசியின் இருப்பிடத்தை வைத்து, நீங்கள் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறீர்களா என்று அது பார்க்கிறது. டி.டி.ஆர். வருவதைப் பார்த்த பிறகு பெட்டிக்குள் உட்கார்ந்தபடியே டிக்கெட் எடுப்பதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு, நியாயமானதும்கூட. ஆகவே வீட்டிலோ பஸ்ஸில் வரும் வழியிலோ எடுத்துவிடுங்கள். இருப்பிட வசதியை இயக்கி வைத்திருக்க வேண்டும். மறந்து உள்ளே வந்துவிட்டால், நிலையத்தில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கட்டத்தைச் செயலிக்குள் இருந்து ஸ்கேன் செய்து எடுக்கலாம். அதுவும் கண்ணில் படவில்லையென்றால் தயங்காமல் கவுண்டருக்கோ தானியங்கி மெஷினுக்கோ போய்விடுங்கள்.

எடுக்கும் வரிசை இப்படி. புறப்படும் நிலையம் காட்பாடி, சேரும் நிலையம் சென்னை சென்ட்ரல். சென்ட்ரலின் அதிகாரபூர்வப் பெயர் 2019இல் எம்.ஜி.ஆர். பெயரோடு மாறியது. செயலியில் நீளமான பெயரைப் பார்த்துத் தடுமாற வேண்டாம், ‘எம்.ஏ.எஸ்.’ என்ற பழைய குறியீடு அப்படியே இருக்கிறது. காட்பாடிக்குக் குறியீடு ‘கே.பி.டி.’ அடுத்து எத்தனை பேர். அடுத்து ரயில் வகை, இங்கே நின்று யோசியுங்கள்.

சாதாரணம், மெயில் அல்லது எக்ஸ்பிரஸ், சூப்பர்ஃபாஸ்ட் என்று கேட்கும். குறைந்த கட்டணத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு வேகமான ரயிலில் ஏறினால் டிக்கெட் இருந்தும் வித்தியாசக் கட்டணத்தோடு அபராதமும் கட்ட வேண்டி வரும். எளிய அடையாளம் ரயில் எண்ணின் முதல் இரண்டு இலக்கம். 12, 20, 22 என்று தொடங்கினால் சூப்பர்ஃபாஸ்ட். 16 என்று தொடங்கினால் எக்ஸ்பிரஸ். ஜோலார்பேட்டையில் இருந்து வரும் ஏலகிரி எக்ஸ்பிரஸின் எண் 16090, அதற்கு எக்ஸ்பிரஸ் டிக்கெட் போதும். பிருந்தாவன் 12640, கோவை எக்ஸ்பிரஸ் 12676, லால்பாக் 12608, இவை மூன்றும் சூப்பர்ஃபாஸ்ட். எந்த ரயில் முதலில் வருமோ அதில் ஏறுவேன் என்பவர்கள் சூப்பர்ஃபாஸ்டுக்கே எடுத்துவிடுங்கள். சில ரூபாய்தான் கூடும். முழுவதும் முன்பதிவு செய்யும் வந்தே பாரத் போன்றவற்றில் ஓப்பன் டிக்கெட்டோடு ஏறவே கூடாது.

காகிதமா, காகிதமில்லாததா என்று கேட்டால் காகிதமில்லாததைத் தேர்ந்தெடுங்கள். காகிதம் என்று எடுத்தால் நிலையத்தில் அச்சிட்டு வாங்கித்தான் பயணம் செய்ய வேண்டும். கைபேசியில் காட்டினால் ஏற்கமாட்டார்கள். பணம் கட்டியதும் செயலியை மூடிவிடாதீர்கள். ‘டிக்கெட்டைக் காட்டு’ என்ற இடத்துக்குப் போய்ப் பெயர், நிலையம், நேரம் எல்லாம் வந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். வந்த பிறகுதான் டிக்கெட். அது இணையம் இல்லாவிட்டாலும் திறக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்னொருவருக்கு அனுப்பினால் அது செல்லாது. எடுத்த கைபேசியிலேயே காட்ட வேண்டும். மகன் சென்னையில் உட்கார்ந்து எடுத்து அம்மாவுக்குப் படமாக அனுப்பும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. முன்பதிவு டிக்கெட்டுக்கு அது சரி, ஓப்பன் டிக்கெட்டுக்குச் சரியல்ல.

காட்பாடியில் இருந்து சென்னை சுமார் 130 கிலோமீட்டர். 200 கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரம் என்பதால் எடுத்த 3 மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்க வேண்டும். காலையிலேயே எடுத்து வைத்துக்கொண்டு மாலையில் கிளம்ப முடியாது. காகிதமில்லா டிக்கெட்டை ரத்து செய்து பணம் வாங்கவும் முடியாது. கைபேசி அணைந்துபோனால் டிக்கெட் இல்லாதவர் கணக்குத்தான். கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள்.

முன்பதிவும் தட்காலும்

முன்பதிவு 60 நாளுக்கு முன் காலை 8 மணிக்குத் திறக்கும். 2024 அக்டோபர் 31 வரை இது 120 நாளாக இருந்தது. தட்கால் முந்தின நாள், ஏசி வகுப்புக்கு 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி. 2025 ஜூலை முதல் ஆதாரோடு இணைத்த ரயில் முன்பதிவுக் கணக்கில் மட்டுமே இணையத்தில் தட்கால் எடுக்கலாம். அதை இன்றே இணைத்து வையுங்கள். 10 மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஓடிபிக்காகக் காத்திருப்பது நெஞ்சை அடைக்கும் அனுபவம்.

காட்பாடிக்காரர்கள் மட்டும் தனியாக நினைவில் வைக்க வேண்டியது ஒன்று. நமக்கு வரும் ரயில்கள் பெரும்பாலும் வேறெங்கோ புறப்பட்டு வருபவை. ஒரு ரயில் வெள்ளி இரவு சென்னையில் கிளம்பி, நள்ளிரவு தாண்டி காட்பாடிக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டில் நீங்கள் போட வேண்டிய தேதி சனி. ஆனால் தட்கால் கணக்கு ரயில் கிளம்பும் ஊரின் தேதியை வைத்து ஓடும். வெள்ளிக்கு முந்தின நாளான வியாழனன்றே தட்கால் திறந்துவிடும். வெள்ளி காலை உட்கார்ந்தால் மிச்சம் ஒன்றும் இருக்காது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் தங்கை கல்யாணத்துக்குப் போகும் டிக்கெட்டை நான் இழந்திருக்கிறேன்.

வெயிட்டிங் லிஸ்டில் இருக்கும் இணைய டிக்கெட், சார்ட் (இறுதிப் பயணிகள் பட்டியல்) போட்ட பிறகும் உறுதியாகவில்லையென்றால் தானாக ரத்தாகும். பணம் கணக்குக்கு வந்துவிடும். அதை வைத்துக்கொண்டு ஏறக்கூடாது. ஆர்.ஏ.சி. என்றால் ஏறலாம், உட்கார இடம் உண்டு. பணம் கட்டும்போது யூபிஐயைத் தேர்ந்தெடுங்கள். ஏசி அல்லாத வகுப்புக்குச் சேவைக் கட்டணம் 10 ரூபாயும் வரியும், ஏசிக்கு 20 ரூபாயும் வரியும். அட்டையில் கட்டினால் 15, 30.

சென்னையில் இறங்கியதும்

சென்ட்ரலில் இருந்தே மெட்ரோவுக்கு இறங்கலாம். 2025 செப்டம்பரில் வந்த ‘சென்னை ஒன்’ செயலியில் மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூஆரில் டிக்கெட் எடுக்கலாம். மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை போகிறவர்களுக்குச் முன்பே பணம் ஏற்றி வைக்கும் சிங்காரச் சென்னை பயண அட்டை வசதி, தட்டினால் போதும். அதில் இருக்கும் பணம் பர்ஸில் இருக்கும் நோட்டைப் போன்றது. ரகசிய எண் கேட்காது, அட்டை தொலைந்தால் பணமும் தொலைந்தது. சிறிய தொகை மட்டும் ஏற்றுங்கள்.

யாரிடம் உதவி கேட்பது

தெரியாதவர்கள் இணைய மையத்துக்குப் போவதில் தவறில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு மையத்தில் ஒரு பெரியவரிடம் ஒரு டிக்கெட்டுக்கு இருநூறு ரூபாய் கூடுதலாக வாங்கினார்கள். அவர் தன் மனைவியின் சிகிச்சைக்காக வந்திருந்தவர். டிக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். யாரோ ஒருவருடைய சொந்தக் கணக்கில் எடுத்திருந்தார்கள். சொந்தக் கணக்கில் எடுத்து லாபத்துக்கு விற்பது ரயில்வே சட்டத்தின் 143ஆம் பிரிவில் குற்றம். பிடிபட்டால் டிக்கெட்டே ரத்தாகும், நஷ்டம் பயணிக்கு. அந்தப் பெரியவரின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அங்கீகாரம் பெற்ற முகவரின் டிக்கெட்டில் அவருடைய விவரமும் கட்டணமும் அச்சாகி இருக்கும், கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் நிலையத்தின் முன்பதிவுக் கவுண்டருக்கே போங்கள்.

பணம் திரும்பவில்லை என்று கூகுளில் உதவி எண் தேடாதீர்கள். அங்கே முதலில் கிடைப்பது பல நேரங்களில் மோசடிக்காரனின் எண். ரயிலுக்கு 139. பணம் திருப்பித் தருகிறேன் என்று சொல்லி யார் ரகசிய எண்ணை அழுத்தச் சொன்னாலும் அழைப்பைத் துண்டியுங்கள். ரகசிய எண் பணம் கொடுக்க மட்டுமே, வாங்க அது தேவையில்லை. ஏமாந்துவிட்டால் அந்த நிமிடமே 1930ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு.

போன மாதம் அத்தை தனியாகச் சென்னைக்குப் போனார். காட்பாடிக்கு வரும் டவுன் பஸ்ஸில், பாலாற்றுப் பாலத்தின் மேலே இருக்கும்போது டிக்கெட் எடுத்திருக்கிறார். எனக்குத் தொலைபேசியில் சொன்னது இரண்டே வரி. “பணம் போய்விட்டது. டிக்கெட்டும் வந்துவிட்டது, திறந்து பார்த்துவிட்டேன்.”